ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டும் என் சம்மந்தியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் செபக்குழு ஒவ்வொரு நத்தாருக்கும், அதுதான் கிறிஸ்து பிறப்புக்கு, ஒரு மலர் வெளியிடும். ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்பார்கள். நான் "வாற வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, மாதாவைப் பற்றி நாலு வரியில் ஒரு செபம் எழுதிக் கொடுத்துத் தப்பிவிடுவேன். இது என் மகளின் கல்யாணக் கதை. பெண்பிள்ளையின் கதையைத் தகப்பன் அச்சில் போடலாமா என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம், இதற்குள் உலக சரித்திரம் வருகிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவத் தொடங்கி, சூப் காய்ச்சுகிற இடம் வரைக்கும் உயர்ந்தவன். சுவீடன் ராசாவைப் பற்றி நான் எழுதினால் யார் வாசிப்பார்கள்?

போன மாதம் மகளே சொன்னாள்: "எழுதுங்கோ அப்பா. ஆனால் ஒருத்தற்றை பேரும் போடக்கூடாது."

ஆகவே பேர் இல்லாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆண்டவர் பொறுப்பார். சரித்திரம் படித்தவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மகள் அப்போது பிசியோதெரபி படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு சனிக்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் குசினிக் கதவு சாத்தப்படுகிறது என்றால் விசயம் பெரிது.

"அப்பா, நான் ஒருத்தரை விரும்பிறன்."

"ஆர்?"

"என்னோட வேலை செய்யிறவர். நீடர்லண்டர், நெதர்லாந்துக்காரர்."

எனக்கு ஏற்கெனவே வெங்காயத்தால் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது ஒரு வசதியாகப் போயிற்று. நிறத்தை நான் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. "வேதமோ?" என்று மட்டும் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் கத்தோலிக்கம்.

"கிறிஸ்தவர்தான். ஆனால் எங்கடை கோயில் இல்லை, புரொட்டஸ்தாந்து. எங்கடை கோயிலில கலியாணம் செய்ய அவருக்கு விருப்பம்தான். அவரின்ரை அப்பாதான் பிரச்சினை."

"அவருக்கு என்னவாம்?"

"கத்தோலிக்கக் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டாராம். அந்தாளும் உங்களை மாதிரித்தான் அப்பா. ஒண்டைப் பிடிச்சா விடாது."

பிறகு அவள் சொன்னதுதான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. இரண்டு தகப்பன்மாரும் உள்ளே வந்து இருந்தால்தான் கோயிலில் கல்யாணம். ஒருவர் வராவிட்டாலும் ஸ்டான்டஸ்அம்ட்டில், அதுதான் பதிவு அலுவலகத்தில், கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரு பக்கத்து ஆட்கள் வாசலில் நிற்க, தான் பீடத்தின் முன் நிற்க ஏலாதாம்.

வாசிக்கிறவர்களில் சிலருக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. கல்யாணம் ஒரு தேவதிரவிய அனுமானம், ஆண்டவர் ஏற்படுத்தின அருட்சாதனம். அது இல்லாமல் என் பிள்ளை குடும்பம் நடத்துவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஏலாது. பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். வேறு சபைப் பையனைக் கட்ட ஆயரிடம் அனுமதி எடுக்கலாம், அது லேசு என்றார். "ஆனால் பொடியன்ரை தகப்பனைக் கோயிலுக்குள்ள கொண்டுவாற அனுமதி ஆயரிட்டை இல்லை" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமைச் செபக்கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, குழுவில் மூத்தவரான மன்னார் அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒல்லாந்தனுக்கோ பொம்பிளை குடுக்கிறீர்?"

"சீச்சீ. ஒல்லாந்தன் இல்லை அண்ணை. நெதர்லாந்துப் பொடியன்."

"ரெண்டும் ஒண்டுதான் ஐசே."

"எப்பிடி ஒண்டாகும்? அவங்கள் அந்தக் காலத்து ஆக்களெல்லோ?"

"அந்தக் காலத்து ஆக்களுக்குப் பிள்ளையள் பிறக்காதோ?"

என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பேரைப் படித்தோம். போர்த்துக்கேயர் இன்னும் இருக்கிறார்கள் என்பது உதைபந்தாட்டத்தால் தெரியும். ஆங்கிலேயர் இருக்கிறார்கள் என்பது லண்டனில் இருக்கிற மச்சானால் தெரியும். ஒல்லாந்தர் மட்டும் எப்படியோ முடிந்துபோன ஒரு சாதி என்றே என் மனதில் பதிந்திருந்தது. எத்தனையோ தரம் எல்லை தாண்டி ஹொலண்டுக்குப் போய் மலிவாகக் கோப்பித்தூள் வாங்கி வந்திருக்கிறேன். செம்மஞ்சள் சட்டை போட்டு ஹொலண்ட் விளையாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கை தட்டியிருக்கிறேன். ஹொலண்டுக்காரர்தான் ஒல்லாந்தர் என்று ஒருநாளும் முடிச்சுப் போட்டதில்லை.

அதோடு சேர்ந்து ஒரு வருடமும் ஞாபகத்துக்கு வந்தது. 1658. சரித்திரப் பாடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வருடம் அதுதான். ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கினது. அந்த வருடம் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்து, பிறகு யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்து, எங்கள் குருமாரைத் துரத்திவிட்டுக் கோயில்களைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மந்தம் பேசப் போனோம். நானும் மனிசியும் மகளும். வின்டர்ஸ்வைக் பக்கம் ஒரு கிராமம், எல்லை தாண்டினால் கொஞ்ச நேரம். மனிசி ஒரு தட்டு நிறைய வாய்ப்பன் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பழைய செங்கல் வீடு. நான் காரை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே சுவரில் கறுத்த இரும்பில் நாலு பெரிய இலக்கம். ஒன்று, ஆறு, ஐந்து, எட்டு.

"ஏன் நிக்கிறியள்? சப்பாத்து இறுக்குதோ?" என்றாள் மனிசி.

"அங்கை பார்."

"வீட்டு நம்பர்."

"இந்த ஊரிலயே அவ்வளவு வீடு இல்லை."

"அப்ப என்ன?"

"அந்த வருசம். கோட்டையைப் பிடிச்ச வருசம்."

"பிடிச்சது இந்த மனிசனோ? அவருக்கு இன்னும் எழுவதும் ஆகேல்லையாம். வாங்கோ உள்ளுக்கு, வாய்ப்பன் ஆறுது."

கூரை உத்தரத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற இரும்புகளை அந்த நாட்டில் இலக்கம் மாதிரி அடித்து, வீடு கட்டின வருடத்தைக் காட்டுவது வழக்கமாம். அதை மகள் பிறகுதான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது கோட்டை பிடித்த சந்தோசத்தில் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தது மாதிரியே இருந்தது.

சம்மந்தி நெட்டையான மனிசன். சிவந்த முகம். பால்பண்ணை வைத்திருந்தவர், இப்போது மாடுகளை மூத்த மகன் பார்க்கிறார். எல்லை ஊர் என்றபடியால் நல்ல ஜேர்மன் கதைப்பார். அவர் மனிசி குள்ளமாய், உருண்டையாய், சிரித்த முகமாய் இருந்தா. சாப்பாட்டுக்கு முன் சம்மந்தி கண்ணை மூடிச் செபித்தார். நீண்ட செபம். என்னுடையதைவிட நீளம். எவ்வளவு நேரம்தான் செபிப்பார் என்று நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் உடனே மூடிக்கொண்டோம்.

கோயில் கதையை மகள்தான் எடுத்தாள். சம்மந்தி கரண்டியை வைத்தார். அவர் ஜேர்மனில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"மகன் விருப்பப்படி செய்யட்டும். நான் வெளியில நிப்பன்."

"வெளியில எண்டா?" என்று மகள் கேட்டாள்.

"வாசலில. மழை பெய்தா காருக்குள்ள."

எனக்குத் தலைக்குள் அந்த நாலு இரும்பு இலக்கமும்தான் நின்றன. இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டேன். திரும்பி வரும்போது மகள் காரை ஓட்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்தாளோட நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கேல்லை அப்பா."

"கதைச்சனான். உருளைக்கிழங்கு நல்லம் எண்டனான்."

"இன்னொருக்கால் போவம். அதுவும் சரிவராட்டி நான் ஸ்டான்டஸ்அம்ட்டில டெர்மின் எடுத்து நாள் குறிச்சிடுவன்."

அன்று இரவு செபமாலை சொல்லும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது மாதா தந்ததா, என் வீம்பு தந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த வருடத்தில் அவருடைய ஆட்கள் செய்ததை எல்லாம் ஒழுங்காகப் படித்து அவருக்கு முன்னால் வைத்தால், மனிசன் வெட்கப்பட்டு, பரிகாரமாகக் கோயிலுக்குள் வந்து இருக்க மாட்டாரா?

அடுத்த நாளே நகர நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் எனக்கு ஒரு வருடத்தின் உலக சரித்திரம் வேண்டும் என்றேன். எந்த வருடம் என்று கேட்டா. இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஜேர்மன்காரர் ஐம்பத்தெட்டு என்று சொல்லமாட்டார்கள், எட்டும் ஐம்பதும் என்பார்கள். நான் தமிழ் ஒழுங்கில் ஐந்தை முதலில் சொல்லி எட்டைப் பின்னால் சொன்னேன். அது அவர்கள் காதில் எண்பத்தைந்து. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு 1685ஆம் ஆண்டைக் கொண்டுவந்து தந்தா. நான் ஒரு கிழமை அந்த வருடத்துக்குள் யாழ்ப்பாணத்தைத் தேடினேன். பிரான்ஸ் ராசா தன்னுடைய புரொட்டஸ்தாந்துக்காரரை உபத்திரவப்படுத்துகிறார். ஜேர்மனியில் இரண்டு பெரிய சங்கீதக்காரர் பிறக்கிறார்கள். கோட்டையைக் காணவில்லை. எங்கள் ஊரைப் புத்தகத்தில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வேறு. மனிசிதான் அட்டையைப் பார்த்து, "உதிலை எட்டு முன்னுக்கெல்லோ நிக்குது" என்றாள்.

சரியான வருடம் கைக்கு வந்த பிறகு, வேலை முடிந்து வந்து தினமும் வாசித்தேன். ஜேர்மனில் விளங்காததை மகளிடம் கேட்டேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கடைசியில் படிப்பு ஏறுகிறது என்று அவளும் சந்தோசப்பட்டாள்.

அந்த வருடத்தில் உலகமே ஒரு நிலையில் இல்லை. மாசி மாதத்தில் கடல் உறைந்து கிடக்க, சுவீடன் ராசா தன் பட்டாளத்தைக் குதிரையோடும் பீரங்கியோடும் அந்தப் பனிக்கட்டிக்கு மேலே நடத்திக்கொண்டு போய் டென்மார்க்கை மடக்கினார். முதலில் நான் நம்பவில்லை. கடலுக்கு மேலே நடந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பேதுருவும் கொஞ்சத் தூரம் நடந்தார். குதிரை நடந்ததாக வேதாகமத்தில் இல்லை. ஆனால் மகளும் வாசித்துப் பார்த்து, உண்மைதான் என்றாள். அதே மாசியில் மன்னாருக்குச் சூடான கடலால் ஒல்லாந்தரின் வியாபாரக் கொம்பனிக் கப்பல்கள் வந்தன. எங்களுக்கும் கடல் உறைந்திருந்தால் கப்பல் வந்திராது என்று நினைத்தேன். பிறகு, உறைந்திருந்தால் நடந்தே வந்திருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

யாழ்ப்பாணக் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகைக்குள் கிடந்து ஆனியில் விழுந்தது. உள்ளே பசியும் நோயும். அதே கோடையில் டில்லியில் ஒரு மகன் தகப்பனைச் சிறையில் போட்டுவிட்டுத் தான் முடி சூடிக்கொண்டான். இதை மகளுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். "எனக்கு ஏன் உது?" என்றாள். "சும்மா. பொது அறிவு" என்றேன். பிராங்க்பேர்ட்டில் பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவனைப் பேரரசனாகத் தெரிந்தெடுத்தார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினதும் பிராங்க்பேர்ட்டில்தான். என்னை அங்கே ஒரு கதிரையில் அரை நாள் இருத்திவைத்தார்கள். இங்கிலாந்தில், ராசாவின் தலையை வெட்டிவிட்டு நாட்டை ஆண்ட ஒரு பெரிய மனிசன் புரட்டாதியில் செத்துப்போனார். அவருடைய காலத்தில் நத்தார் கொண்டாடவே தடையாம்.

இவ்வளவையும் வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. கொம்பனிக்காகச் சண்டை போடப் போனவர்களில் கனபேர் ஒல்லாந்தரே இல்லையாம். நீண்ட யுத்தத்தில் நொந்து, வேலை இல்லாமல், கூலிக்குக் கப்பல் ஏறின ஜேர்மன்காரராம். நான் புத்தகத்தை மூடினேன். எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு. எசனில் ஒரு மண்டபத்தில் கை உயர்த்தி வாங்கினது. இந்த விசயத்தை மனிசிக்கு மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

இரண்டாம் தரம் போனபோது சம்மந்தி வீட்டில் கோப்பி, கேக் என்று மேசை நிறைந்திருந்தது. அந்த வீட்டுக் கோப்பைகள் பெரியவை. நான் பதட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு தொண்டையைச் செருமி, சுவரில் இருக்கிற வருடத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றேன். இந்தமுறை எட்டை முன்னுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னார், கோட்டை, துரத்தப்பட்ட குருமார், பறிபோன கோயில்கள். சொல்லச் சொல்ல என் குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை. எங்கள் ஆட்கள் குருவானவர் இல்லாமல், பூசை இல்லாமல் கிடந்த காலத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கேக்கைப் பார்த்தான். என் படிப்பு எதற்கு என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது.

சம்மந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது கெட்ட வேலைதான். ஆனால் அது நான் இல்லை."

"உங்கடை ஆக்கள்."

"சரி. அப்ப நானும் ஒண்டு சொல்லுறன். இந்தச் சுவரைக் கட்டி எட்டு மழைக்காலம் போகேல்லை, மூன்ஸ்டரிலயிருந்து கத்தோலிக்க ஆயர் பீரங்கியோட வந்தவர். ஆயர். பீரங்கியோட. எங்கடை மாடுகளைக் கொண்டுபோனவர். பேந்தும் ஒருக்கால் வந்தவர். என்ரை தகப்பன் சாகுமட்டும் மூன்ஸ்டர் எண்டு சொல்லமாட்டார், அந்த ஊர் எண்டுதான் சொல்லுவார். நான் எப்பிடி உங்கடை கோயிலுக்குள்ள வாறது?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தில் அந்த வருடத்தைத் தாண்டி நான் வாசிக்கவில்லை.

"அது எங்கடை ஆயர் இல்லை. நாங்கள் எசன் மறைமாவட்டம்" என்றேன்.

மனிசி தமிழில் சொன்னாள்: "அவர் அது நான் இல்லை எண்டேக்கை நீங்கள் விட்டனீங்களோ?"

"நீ சும்மா இரு."

"கோட்டை பிடிச்சதிலயும் கனபேர் ஜேர்மன்காரராமெல்லோ. அதையும் சொல்லுங்கோவன்."

மகள் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தமிழ் பழக்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவன் 'ஜேர்மன்காரர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு என்ன என்று கேட்க, மகள் மறைக்க ஏலாமல் மொழிபெயர்த்தாள். சம்மந்தியின் முகம் இன்னும் சிவந்தது.

"உங்களிட்டை எந்தக் கடவுச்சீட்டு?" என்று என்னைக் கேட்டார்.

நான் கதிரையில் நெளிந்தேன். ஏனென்றால், குடித்த கோப்பி எல்லாம் சேர்ந்து தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பெரிய பேச்சுக்கு நடுவில் ஜேர்மனில் கௌரவமாகக் கேட்கிற சொல் ஒன்றும் வாயில் வரவில்லை. மகள் பக்கம் சரிந்து, மற்றவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் தமிழில் கேட்டேன்:

"பிள்ளை, கக்கூசு எங்கை?"

சம்மந்தி நிமிர்ந்தார்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை" என்றாள் மகள்.

"இல்லை. கக்கூஸ் எண்டு சொன்னவர்." மனிசன் கை நீட்டி நடைபாதையின் கடைசிக் கதவைக் காட்டினார். "கக்கூஸ் அங்கை இருக்கு."

பிறகு அவருடைய மனிசி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினா. அந்த ஊர்ப் பேச்சில் அதே சொல்லாம். அதே பொருளாம். சபையில் சொல்லாத சொல்லாம். பாட்டன்மார் தொழுவத்துப் பக்கம் இருந்ததை அப்படித்தான் சொல்லுவார்களாம். இப்போது ஒருவரும் சொல்வதில்லையாம். சம்மந்தி கடைசியாக அதைக் கேட்டது தன் தகப்பனின் வாயிலிருந்துதானாம். இதெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு சொன்னது. முதலில் நான் போகவேண்டிய இடத்துக்குப் போனேன். உள்ளே நின்றபடி, வெளியில் எல்லோரும் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வெளியே வருவதா யன்னலால் இறங்குவதா என்று யோசித்தேன். யன்னல் சின்னது.

திரும்பி வந்தபோது சம்மந்தி மகளை விசாரித்துக்கொண்டிருந்தார். எப்படி இந்தச் சொல் உங்களிடம் வந்தது, வேறு என்ன சொல் இருக்கிறது? மனிசி மேசையின் இழுப்பறையைத் தட்டி "லாச்சி" என்றாள். அவர் "லாச்சே" என்றார். மனிசி போஞ்சிக்காய் என்றாள். அவருடைய மனிசி "போன்ச்செஸ்" என்று குசினிக்குள் ஓடிப்போய் ஒரு பிடி போஞ்சியை, அதுதான் பீன்சை, கொண்டுவந்து காட்டினா. நான் கந்தோர், அதுதான் அலுவலகம், என்றேன். அவர் "கந்தோர்" என்று சந்தோசத்தில் கதிரையைத் தட்டினார்.

"போர்த்துக்கேயர் என்ன விட்டிட்டுப் போனவை?" என்று கேட்டார்.

இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்தது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி.

மனிசி கணக்கு முடித்தாள்: "வீடு முழுக்கப் போர்த்துக்கேயன் தந்திருக்கிறான். ஒல்லாந்தன் கோயிலைப் பறிச்சுப்போட்டுக் கக்கூசைத் தந்திருக்கிறான்."

மகள் இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள். மாப்பிள்ளைதான் தட்டுத் தடுமாறிச் சொன்னான். சம்மந்தி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. துடைத்த கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"உண்மையாவே கோயில்களைப் பறிச்சவையோ?" என்று என்னைக் கேட்டார். சண்டைக் குரல் இல்லை.

"ஓம்."

"பூசை செய்ய விடேல்லையோ?"

"விடேல்லை. எங்கடை ஆக்கள் ஒளிச்சுத்தான் செபம் சொன்னவை."

"எங்களுக்கு அந்த ஆயர் மாடுகளைத்தான் கொண்டுபோனவர்" என்றார். "செபத்தை விட்டிட்டுப் போனவர்."

பிறகு மகளைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் எடுக்கும் உங்கடை பூசை?"

"ஒரு மணித்தியாலம்" என்றாள்.

"தமிழ்ப் பூசை எண்டா ஒண்டரை" என்று நான் திருத்தினேன். கல்யாண விசயத்தில் பொய் கூடாது.

"ஒண்டரை மணித்தியாலம் உள்ளுக்கு இருப்பன். முழந்தாளிலை நிக்க மாட்டன்."

"முழந்தாளிலை நிக்க எனக்கும் ஏலாது" என்றேன். "ஒப்பரேசன் செய்தது."

என் பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். பதிலுக்கு நானும் ஒன்று விட்டுக் கொடுக்கவேண்டும் அல்லவா? அவர்களுடைய போதகர் வந்து பீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு செபம் சொல்லட்டும் என்றேன். மகள் அதை முன்பே கேட்டிருந்தாள், அதுவரை நான் சம்மதித்திருக்கவில்லை. சம்மந்தி எழும்பி எனக்கு இன்னொரு கோப்பை கோப்பி ஊற்ற வந்தார். கையால் மறித்துவிட்டேன்.

கல்யாணம் வைகாசியில் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது. மழை பெய்தது. நல்ல மழை. சம்மந்தி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றார். அவர் சப்பாத்தைக் கால்மிதியில் இரண்டு தரம் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். எழுந்தேற்றத்தில், சுவாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது, கோயில் முழுவதும் முழந்தாளிட்டது. எல்லோருடைய தலையும் கீழே போக, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இரண்டு பேர் மட்டும் வாங்கில் நிமிர்ந்து இருந்தோம். நடுவில் எங்கள் பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த மிகப் பெரிய செபம் என்று நினைக்கிறேன். ஆண்டவருக்கு விளங்கியிருக்கும்.

இப்போது இந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. எசனில் ஒருவர், நான் சம்மந்தியின் வீட்டுச் சுவரில் ஏறி இரும்பு இலக்கங்களைக் கழற்றினதாகச் சொன்னாராம். எனக்கு ஏணியே ஏற ஏலாது. கொலோனில் ஒரு அக்கா, எழுந்தேற்றத்தில் அந்த மனிசன் அழுதுகொண்டு முழந்தாளில் விழுந்து அங்கேயே மனம் திரும்பினார் என்று செபக்கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லியிருக்கிறா. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அது நடக்கவில்லை. அவர் இன்றைக்கும் தன் சபைக்குத்தான் போகிறார், சாப்பாட்டுக்கு முன் என்னைவிட நீளமாகச் செபிக்கிறார்.

வாசிக்கிற நீங்கள் இதை உங்கள் வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதினபடியே, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சொல் வாயில் வர வெட்கமாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், மாற்ற வேண்டாம். அவர் முழந்தாளிட்டார் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் வந்து இருந்தார். என் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது, எனக்கும் போதும்.